துரையின் பிடிலுக்கு நான் சுருதி சேர்த்தது

1

போன மாதம் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் சதாசிவம். ஐந்தாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவர் அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து ஒரு நாடகக் கம்பெனியோடு போய்விட்டேன். அதனால் அவர் ஆசிரியர், நான் கெடாவில் ரப்பர்த் தோட்டத்துக் கூலி. இதில் இருவருக்கும் வருத்தம் இல்லை.

"மலாயாவில் அவசரகாலம் வந்த பிறகு, அடையாளக் கார்டு இல்லாதவர்களைச் சர்க்காரே கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புகிறதாமே. உனக்கு அந்த அதிர்ஷ்டம் வாசல் வரை வந்து திரும்பிப் போய்விட்டது என்று அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். என்ன நடந்தது என்று எழுது, வாசகர்கள் விரும்புவார்கள்" என்று கேட்டிருந்தார்.

அதிர்ஷ்டம் என்றுதான் எழுதியிருக்கிறார்.

வாசகர்கள் எதை விரும்புவார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கரையில் இருப்பவன் கோயில் மணியை நினைத்து அழ வேண்டும், ஆற்று மணலை நினைத்து உருக வேண்டும். எங்கள் ஆற்றில் மணல் மட்டும்தான் இருந்தது. நான் ஊரை விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஓர் இடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தால் எனக்கு உள்ளங்கால் அரிக்கும். கம்பெனியில் பிடில்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் குடித்துவிட்டு எழுந்திருக்காத நாட்களில் நானே வாசித்து, அப்படியே கற்றுக்கொண்டேன். கம்பெனி ரங்கூனில் கலைந்தது. பிறகு பினாங்குத் துறைமுகம், மெர்போக்கில் ஒரு சீனரின் தோட்டம், ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் ரோடு. ரயில் ரோட்டுக்கு என்னோடு லாரியில் ஏறியவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை. நான் திரும்பினேன். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொன்றும் இல்லை.

குருணுக்குப் பக்கத்தில் உள்ள இந்தத் தோட்டத்தில் அஞ்சலையைக் கட்டிக்கொண்டேன். கால் அரிப்பு ஓரளவு அடங்கியது. மிச்சத்தை முள்வேலி அடக்கியது.

2

வேலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்கு முள்கம்பி போட்டிருக்கிறார்கள். ஒரே வாசல். விடிந்ததும் திறப்பார்கள், மாலை ஆறு மணிக்குச் சாத்துவார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடுவோமாம். அதனால் வேலைக்குப் போகும்போது ஒரு பிடி அரிசிகூட வெளியே போகக் கூடாது. தூக்குச்சட்டியில் வெறும் கோப்பி மட்டும். அதையும் திறந்து முகர்ந்து பார்த்துத்தான் விடுவார்கள். ஒவ்வொரு ஆளாக, ஒவ்வொரு சட்டியாக முகர்ந்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். வெயில் ஏறினால் மரத்தில் பால் வடியாது. அதனால் எங்கள் துரைக்கும் போலீஸ் இன்ஸ்பெக்டருக்கும் தினமும் தகராறு. நாங்கள் சோறில்லாமல் மத்தியானம் வரை பாலுக்காக மரம் சீவுவதைப் பற்றி இருவருக்கும் தகராறு இல்லை.

வாசலில் நிற்பவர்கள் மலாய்க்கார ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். என் மகள் வள்ளிக்கு எட்டு வயது. அவர்களோடு அவள் பேசும் மலாய் எனக்குப் பாதிகூடப் புரியாது. நான் பேசினால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

"அப்பா, நீங்க பேசாதீங்க லா. அந்த அங்கிள் நம்மள எதுவோ கேக்குறோம்னு நெனச்சிக்குவாரு."

அவளிடம் ஊர் எது என்று கேட்டால் குருண் என்பாள். என் ஊரைச் சொன்னேன். "அது ரொம்ப ஜாவா?" என்றாள். ஜாவ் என்றால் மலாயில் தூரம். ஆமாம் என்றேன். "அப்ப ஏன் அங்க போய் பொறந்தீங்க?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

3

கார்டு தொலைந்த விதத்தைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. நீங்களும் அவசரப்பட்டு நம்ப வேண்டாம்.

எனக்கு ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்பது ரப்பர் ஆலை. மரத்திலிருந்து வந்த பாலைத் தொட்டியில் ஊற்றி அமிலம் கலந்தால் தயிர்போல உறையும். அதை எடுத்து மெஷினில் கொடுத்தால் தோசைபோல ஷீட்டு வரும். ஷீட்டுகளைப் புகைக்கூண்டில் தொங்கவிட்டு நாலைந்து நாள் புகை போட்டு, தரம் பிரித்து, கட்டாகக் கட்டிப் பினாங்குக்கு அனுப்புவோம். தொட்டிக்கு மேல் குனிந்து குனிந்து வேலை செய்பவன் சட்டைப் பையில் கார்டு வைத்துக்கொள்ளக் கூடாது. நான் வைத்திருந்தேன்.

என் போட்டோவும் கைரேகையும் உள்ள அந்தக் கார்டு இல்லாமல் இந்த நாட்டில் நடமாட முடியாது. ஆனால் வாசல் கான்ஸ்டபிளுக்கு நான் வள்ளியின் அப்பா, கார்டு கேட்கமாட்டார். அது பாலுக்குள் விழுந்து பத்து நாள் கழித்து ஒரு புது ஆள் வந்து கேட்டபோதுதான் பையில் கை விட்டேன். ஓடிப்போய்ப் புகைக்கூண்டில் ஒவ்வொரு ஷீட்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தரம் பிரிக்கும் மாரியாயி சாவகாசமாகச் சொன்னாள்.

"போன வாரம் ஒரு ஷீட்டுல கருப்பா மூஞ்சி மாதிரி ஏதோ தெரிஞ்சிச்சுண்ணே. அழுக்குன்னு நெனச்சு மூணாம் நம்பர்ல போட்டுட்டேன்."

"அந்தக் கட்டு எங்க?"

"அது போயாச்சே. கப்பல்ல ஏத்திருப்பாங்க."

4

தோட்டத்து ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டையில் சுருக்கம் விழுந்து நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் எந்தக் காகிதமும் அவர் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"ஐசே முத்தையா, கார்டை ரப்பருக்குள்ளை விட்டுப்போட்டன் எண்டு போலீசிலை போய்ச் சொல்லப் போறீரோ? விசரன் எண்டு நினைப்பினம். துலைஞ்சு போச்சுது எண்டு மட்டும் சொல்லும்."

அவரே புதுக் கார்டு கேட்கும் விண்ணப்பப் பாரத்தை நிரப்பினார். அதில் இரண்டு கையெழுத்து வேண்டும். முதலில் மானேஜர், அதாவது துரை, "இந்த ஆளை எனக்கு நேரில் தெரியும்" என்று எழுதி ஒப்பமிட வேண்டும். அதன் கீழே இன்ஸ்பெக்டர். இரண்டும் இல்லாவிட்டால் அடுத்த சோதனையின்போது லாரியில் ஏற்றுவார்கள், பிறகு முகாம், பிறகு கப்பல். அடுத்த லயத்துக் குப்புசாமி அப்படித்தான் போனார். அவர் மனைவிக்கு விஷயம் தெரிந்தது நாகப்பட்டினத்திலிருந்து கடிதம் வந்தபோது.

இதுதான் சதாசிவம் சொல்லும் அதிர்ஷ்டம்.

அஞ்சலையிடம் சொன்னேன். அவள் பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், கடலைப் பினாங்கு ஃபெரியில் ஒரு தடவை பார்த்ததோடு சரி.

"போனா நீங்க மட்டுந்தான் போவணும். எனக்கு அங்க யாரு இருக்கா? எறங்குன மறுவாரம் ஒங்க காலு அரிக்கும், எங்கயாச்சும் கெளம்பிருவீங்க. நானும் புள்ளயும் யாரு வீட்டு வாசல்ல நிக்கிறது?"

அவள் சொன்னது உண்மை. வள்ளி பாய்க்கு அடியில் தேடிக்கொண்டிருந்தாள். கார்டு அங்கே இருக்கலாம் என்று அவளுக்கு எண்ணம்.

கிராணியாரும் நானும் துரையிடம் போனோம். அவருக்குத் தமிழ் தெரியும். தோட்டத்துத் துரைமார் தமிழ் கற்றுப் பரீட்சை எழுதித்தான் வேலையில் உயர முடியும். ஆனால் இவர் காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் கூப்பிடும்போது மேஸ்திரிகளான மண்டோர்கள் அதட்டிப் பேசியதைக் கேட்டுக் கற்றவர், அதனால் கிராணியாரையும் "ஏய்" என்றுதான் கூப்பிடுவார். தோட்டத்தில் ஆம்பிளை எல்லாருக்கும் அவர் வைத்த பெயர் ராமசாமி.

பாரத்தைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் பொய் எழுத மாட்டேன். எனக்கு முந்நூறு ராமசாமி இருக்கு. இது எந்த ராமசாமி?"

"முத்தையா, துரை. ஸ்டோர்ல வேலை."

"எனக்குத் தெரியாது. போ."

5

வழி கண்டுபிடித்தவர் கிராணியார்தான். துரைக்கு ஒரு பிடில் உண்டு. நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் பங்களாவில் அவர் வாசிப்பது லயம் வரை கேட்கும். எப்போதும் முதலில் ஒரே மெட்டு. அவர் ஊரில் ஆட்டத்துக்கு வாசிப்பதாம். ஒரு பாகம் இரண்டு தடவை, அடுத்த பாகம் இரண்டு தடவை, பிறகு மறுபடி முதலிலிருந்து, ஆடுகிறவர்கள் விழுகிற வரை. எங்கள் நாடகத்தில் பபூன் நுழையும்போது வாசிப்போமே, அதற்குத் தூரத்துச் சொந்தம். இரண்டு மாதமாக அந்தச் சத்தம் இல்லை.

"மழை ஈரத்திலை பிடில் வாய் பிளந்து போச்சுது. பினாங்குக்கு அனுப்பினா ஆறு மாசமாம். உம்மாலை ஒட்டேலுமோ?" என்றார் கிராணியார்.

என்னிடமும் ஒரு பிடில் உண்டு, கம்பெனியிலிருந்து என்னோடு வந்தது. அதைப் பதினைந்து தடவையாவது ஒட்டியிருப்பேன். சரி என்றேன்.

ஈரம் போனால்தான் பசை பிடிக்கும். ஈரம் போக்க எனக்குத் தெரிந்த ஒரே இடம் புகைக்கூண்டு. நெருப்புக்குத் தள்ளி, ஷீட்டுகளுக்கு நடுவே இரண்டு நாள் தொங்கவிட்டேன். மாரியாயி அதையும் தூக்கிப் பார்த்து, "இது ஒண்ணாம் நம்பர்ணே" என்றாள். பிறகு வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினேன். குருணில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் தந்தி வாங்கினேன். கட்டி முடித்து, பிருடைகளை முறுக்கி, சுருதி சேர்த்தேன்.

அங்கேதான் தப்பு நடந்தது. வெள்ளைக்காரர்கள் நாலு தந்தியையும் நாலு விதமாகச் சேர்ப்பார்கள். நாங்கள் ச, ப, மறுபடி ச, ப என்று சேர்ப்போம். மேல் தந்திகள் இரண்டும் இருவருக்கும் ஒத்துவரும், கீழ்த் தந்திகள் இரண்டையும் நாங்கள் ஒரு படி ஏற்றுவோம். என் கை பாட்டுக்கு ஏற்றிவிட்டது. சோறு பிசைகிற கையிடம் யாரும் எப்படிப் பிசைகிறாய் என்று கேட்பதில்லை.

6

பிடிலைக் கொண்டுபோன அன்று இன்ஸ்பெக்டரும் பங்களா வராந்தாவில் இருந்தார். வாசல் சோதனையைப் பற்றி வழக்கமான தகராறு. நெட்டையான மனிதர், கனடாக்காரர். தமிழ் தெரியாது, மலாய் கொஞ்சம். ஒரே தடவையில் இரண்டு கையெழுத்தும் வாங்கிவிடலாம் என்று கிராணியார் பாரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

துரை பிடிலை முகர்ந்து பார்த்தார். தோளில் வைத்துத் தன் மெட்டை ஆரம்பித்தார். மேல் தந்தியில் இருந்த வரை நன்றாகப் போயிற்று. கீழே இறங்கியதும் பன்றியை மிதித்ததுபோல் சத்தம் வந்தது.

"ராமசாமி. என் பிடிலுக்கு என்ன பண்ணினே?"

"சுருதி சேர்த்தேன், துரை."

"யாரு சுருதி?"

அவர் பிருடையைத் திருகப் போனார். இன்ஸ்பெக்டர் சட்டென்று அவர் கையைப் பிடித்தார். ஏதோ சொல்லிக்கொண்டே பிடிலை வாங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் வைக்காமல் நெஞ்சில் வைத்து வாசித்தார். துரையின் அதே மெட்டு. கீழ்த் தந்திகள் தம்புராபோல் சேர்ந்து முழங்கின. கூடவே பூட்ஸ் கால் இரண்டும் தரையில் தாளம் போட்டன. ஆனால் இரண்டாம் பாகத்தின் முடிவில் ஓர் அடி கூடுதலாக வந்தது. தொடையில் எண்ணிக்கொண்டிருந்த என் கை அந்தரத்தில் நின்றது.

அதற்குப் பிறகு நடந்த சண்டை இங்கிலீஷில். என் காதுக்குக் கிராணியார் வழியாக யாழ்ப்பாணத் தமிழில் வந்தது.

"இன்ஸ்பெக்டர் சொல்லுறார், அவற்றை தாத்தா மரம் வெட்டுற முகாமிலை இப்பிடித்தான் சுருதி வைச்சு வாசிச்சவராம். இந்த மெட்டு தங்கடை ஊர் மெட்டாம். 'மூண்டாவது மாமியார்' எண்டு பேராம்."

"துரை என்ன சொல்றாரு?"

"இது தங்கடை அயர்லாந்து மெட்டு, பேர் 'விதவையின்ரை வாத்து' எண்டுறார். இன்ஸ்பெக்டற்றை ஆக்கள் பஞ்சத்திலை கனடாவுக்குக் கப்பலேறேக்கை களவெடுத்துக்கொண்டு போனது எண்டுறார்."

இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் ஒரு வாக்கியம் சொன்னார்.

"களவெடுத்தது சரி, மிச்சம் வைச்சதை நீங்கள் ஒழுங்காக் காப்பாத்தியிருந்தா ஏன் ஓர் அடி குறையுது எண்டு கேக்கிறார்."

துரையின் முகம் சிவந்தது.

"தாத்தாவுக்கு ஒரு கால் கட்டையோ எண்டு துரை கேக்கிறார். ஐசே, இதை நான் மொழிபெயர்த்திருக்கக் கூடாது."

இவர்கள் இருவரையும் நாங்கள் வெள்ளைக்காரர் என்று ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு நாங்கள் ராமசாமி என்பதைப்போல. கடல் தாண்டிய மெட்டுக்கு ஓர் அடி கூடியதா, தாண்டாத மெட்டுக்கு ஓர் அடி தேய்ந்ததா என்று அந்த வராந்தாவில் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் துரை என் பக்கம் திரும்பினார்.

"நீ பிடில்காரன். சொல்லு. எது சரி?"

கிராணியார் என் காதருகே குனிந்தார். "கவனம். ரெண்டு ஒப்பமும் வேணும்."

துரை சரி என்றால் இன்ஸ்பெக்டர் போய்விடுவார். இன்ஸ்பெக்டர் சரி என்றால் துரை போய்விடுவார். அஞ்சலை வேலிக்குள்ளே காத்திருக்கிறாள். வாயால் சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்று கையை நீட்டிப் பிடிலை வாங்கினேன். முதல் பாகத்தைத் துரை மாதிரி, இரண்டாம் பாகத்தை இன்ஸ்பெக்டர் மாதிரி வாசித்துவிட்டால் இருவருக்கும் ஆளுக்குப் பாதி. அதுதான் திட்டம்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிடிலின் தலையைக் கணுக்கால்மேல் வைத்தேன். இருவரும் ஒரு அடி பின்வாங்கினார்கள். முதல் பாகம் நன்றாகவே போனது, எனக்கு நாலு வருஷப் பழக்கம். ஆனால் என் விரல் ஒரு சுரத்தில் நேராக நிற்காது, இழுக்கும், குழையும். இரண்டாம் பாகத்தில் அந்தக் கூடுதல் அடி வந்ததும் தாளம் என்னை விட்டுப் போய்விட்டது. மேடையில் தாளம் தப்பினால் நாடகக்காரன் என்ன செய்வானோ அதையே செய்தேன். ஒரே துணுக்கை மூன்று தடவை திருப்பித் திருப்பி அடித்து, முத்தாய்ப்பு வைத்து, எல்லாம் வேண்டுமென்றே செய்ததுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார், சாவு வீட்டில் வைப்பதுபோல. அவரும் துரையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

பிறகு துரை மெதுவாக என் அருகில் வந்தார்.

"அந்த மூணு தடவை. அதை மறுபடி வாசி."

வாசித்தேன்.

"ஒவ்வொரு ஞாயிறும் நான் முடிச்ச பிறகு, லயத்துல ஒருத்தன் என் மெட்டை இந்த மாதிரி கொலை பண்ணுவான். நாலு வருஷம். மண்டோர்கிட்ட கேட்டேன், கிராணிகிட்ட கேட்டேன், யாருன்னு யாரும் சொல்லல. அது நீயா?"

கிராணியார் கூரையைப் பார்த்தார்.

"ஆமா, துரை."

"இவன் எனக்குத் தெரியும்" என்றார் துரை. "இவன் எனக்கு நல்லா தெரியும்."

கிராணியார் இந்த ஜென்மத்தில் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. பாரம் மேஜையில் இருந்தது, பேனா மூடி திறந்திருந்தது. துரை கோபம் தணியாமலே காகிதம் கிழியும்படி எழுதி ஒப்பமிட்டார். இன்ஸ்பெக்டர் கீழே கையெழுத்திட்டுவிட்டு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?" என்றேன்.

"இப்பிடி ஒருத்தன் காட்டிலை ஒளிஞ்சிருக்கேலாது, சத்தம் காட்டிக் குடுத்திடும் எண்டுறார்."

7

அஞ்சலையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி கழுவிக்கொண்டே கேட்டாள்.

"தொர ஒப்பம் போட்டுட்டாரு, சரி. ஒங்கள எனக்குத் தெரியும்னு என்னையப் போடச் சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன்."

"ஏன்?"

"எங்கிட்ட அந்த மூணு தடவ வாசிக்கிறதச் சொல்லவே இல்லியே. அது அந்தப் பாட்டுலயே இருக்குதுன்னுல்ல நான் இத்தன நாளா நெனச்சிக்கிட்டிருந்தேன்."

கார்டு வர ஐந்து வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை பாரத்தின் நகலை அஞ்சலை ஒரு மாவு டின்னில் போட்டுப் பூட்டிவைத்திருந்தாள். என் சட்டைகளில் இருந்த பைகளை எல்லாம் பிரித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் துரை மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். சுருதியை அவர் வழிக்கு மாற்றிக்கொண்டார் என்பது முதல் சத்தத்திலேயே தெரிந்தது. முடித்ததும் சிறிது நேரம் ஜன்னலருகே நிற்பார். வேலிக்கு இந்தப் பக்கம் நான் பிடிலைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். முத்திரை குத்தாத காகிதத்தை நம்பி மனிதன் வாசிக்கக் கூடாது.

ஆறாவது வாரம் கார்டு வந்தது. புதிய போட்டோ, புதிய கைரேகை. அஞ்சலை அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு துரை தன் விதவையின் வாத்தை முடிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு வாசல்படியில் உட்கார்ந்து எடுத்தேன். முதல் பாகம் இரண்டு தடவை, இரண்டாம் பாகம் இரண்டு தடவை, கனடாக்காரரின் கூடுதல் அடியோடு. அந்த அடியை இந்த ஆறு வாரத்தில் விரலாலேயே தொடையில் தட்டிப் பழகியிருந்தேன், தாளம் தப்பவில்லை. தப்பாவிட்டாலும் கடைசியில் மூன்று தடவை அடித்து முத்தாய்ப்பு வைத்தேன்.

பங்களாவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தும் சத்தம் கேட்டது. எட்டு ஜன்னல்.